அவிய மொதல்ல பேசட்டுமுங்க

மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டிப் போனால் ஒரு பொறியியல் கல்லூரி வரும். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், மறுப்புக் கடிதத்தை யார் முதலில் எழுதுவது என்று அங்கே ஒரு குழு அமைத்துவிடுவார்கள்.

கல்லூரியில் இரண்டு கட்டடங்கள். கிழக்குக் கட்டடம் முதல்வர் டாக்டர் ஐயாசாமியின் ஆளுகையில் இருக்கிறது. மேற்குக் கட்டடம் டீன் டாக்டர் நஞ்சம்மாளின் ஆளுகையில் இருக்கிறது. இருவரில் யார் பெரியவர் என்பது இன்னும் தீராத விவகாரம். கல்லூரியில் முதலில் சேர்ந்தவர் முதல்வர். முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் டீன். ஆனால் இருவரும் சண்டை போட்டதாக ஒருவரும் சொல்ல முடியாது. இருவருமே மரியாதையில் ஊறியவர்கள். தொல்லையே அதுதான்.

ஒரு முறை இருவரும் லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்டார்கள்.

"நீங்க மொதல்ல போங்க மேடம்" என்றார் முதல்வர்.

"அதெப்படிங்க சார்? நீங்க போங்க."

"இல்லீங்க, நீங்க போனாத்தானுங்க எனக்கு மரியாதை."

லிஃப்ட் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு மேலே போனது. மறுபடி வந்தது. கடைசியில் இருவரும் ஆளுக்கொரு படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். தன் மரியாதையை எதிராளி ஏற்க மறுத்து அவமானப்படுத்திவிட்டதாக இருவருமே அன்று வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து இரண்டு கட்டடங்களுக்கும் இடையே வலியப் போய்ப் பேசுவது நின்றுபோனது. பேசினால் பதில் உண்டு. முந்திப் பேசுவது மட்டும் கிடையாது. கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்றால் அதைப் பதில் கடிதமாகத்தான் எழுதுவார்கள். "தங்கள் அன்பான கடிதம் கிடைத்தது" என்று தொடங்கும். அப்படி ஒரு கடிதம் வந்தே இருக்காது. எழுதப்படாத கடிதங்களுக்கான பதில்கள் மட்டும் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. போன மழைக்காலத்தில் மேற்குக் கட்டடத்துத் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் மைதானத்தைக் கடந்து முதல்வர் அறைக்குள் வந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்தான் முதலில் பேசியது என்று முதல்வர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கல்லூரிக்குத்தான் சபரீஷ் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தான். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவன். மனைவி கனிஷ்காவுக்கு மேட்டுப்பாளையத்தில் செவிலியர் வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை ரயிலேறி வரும் அப்பாவைக் குழந்தை யாரோ விருந்தாளி, ஒறம்பரை என்று நினைத்து அழ ஆரம்பித்தது. அதைத் தாங்க முடியாமல்தான் அந்த வேலையை உதறிவிட்டு வந்தான். இங்கே முதலில் தகுதிகாண் காலம். அது முடிந்ததும் முதல்வரும் டீனும் கையெழுத்துப் போட்டு நிரந்தரமாக்க வேண்டும். இருவரில் யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று, கல்லூரியின் எந்த உத்தரவிலும் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது தாளாளர் போட்ட விதி. காலம் முடிவதற்குள் எந்த உத்தரவும் வராவிட்டால் பணி தானாகவே நிரந்தரமானதாகக் கொள்ளப்படும் என்றும் நியமன உத்தரவின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. படித்தபோது சபரீஷ் சிரித்தான். ஒரு கையெழுத்துப் போடக்கூடவா மறந்துபோவார்கள்?

அவன் வந்த நேரம், இரண்டு கட்டடங்களையும் இணைத்திருந்த பழைய கேபிளைக் குழாய் பதிக்க வந்த ஜேசிபி அறுத்துப்போட்டது. இணையம் வெளியிலிருந்து வந்து இறங்குவது கிழக்கில். மாணவர்களின் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் இருக்கும் சர்வர் மேற்கில். ஆகவே மேற்கில் இணையம் இல்லை. கிழக்கில் மதிப்பெண் இல்லை. இனி ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும்படி இரண்டு கேபிள் போடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. இரண்டு கட்டடத்துக்கும் ஆளுக்கொரு புது ஸ்விட்சும் வந்தது.

ஸ்விட்ச் என்றதும் சுவரில் இருக்கும் மின்விசிறிப் பொத்தானை நினைக்க வேண்டாம். ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டர் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டி அது. வந்த செய்தியை உரிய கம்பியில் தள்ளிவிடுவது அதன் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே கேபிள் என்றால் பேச்சே இல்லை. இரண்டு கேபிள் போட்டால், "இவை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாவித்துக்கொள்" என்று இரண்டு பெட்டிக்கும் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இதில் போன செய்தி அதில் திரும்பி வந்து, மறுபடி போய், செக்கு மாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். சேர்த்துக் கட்டிவிட்டால் பாரத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். ஒன்று அறுந்தால் மற்றது சுமக்கும்.

இப்படிச் சேர்வதற்குப் பெட்டிகள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இன்னார், என்னிடம் இந்தக் கேபிள்கள் இருக்கின்றன, உன் பக்கம் எப்படி என்று கேட்டுக்கொள்ளும். யார் ஆரம்பிப்பது என்பதற்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஏற்பாடு உண்டு. 'ஆக்டிவ்' என்று வைத்தால் அது தானாகவே பேசும். 'பேசிவ்' என்று வைத்தால் எதிர்ப்பக்கம் பேசினால் பதில் சொல்லும். தானாக வாயைத் திறக்காது. இரண்டில் ஒன்று ஆக்டிவாக இருந்தால் போதும். இரண்டுமே ஆக்டிவாக இருந்தாலும் தப்பில்லை. இரண்டுமே பேசிவாக இருந்தால் இரண்டும் நல்ல பிள்ளைகளாக, பிரளயம் வரும்வரை, எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படி வைக்க ஒரு நிறுவனம் ஆசைப்படும் என்று இதைக் கண்டுபிடித்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பாவம், அவர்கள் நம் பக்கம் வந்ததில்லை.

பெட்டிகளைப் பொருத்த வந்த கம்பெனி இன்ஜினியர் ஆல்வின் வாடிக்கையாளரைக் கேட்காமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்காதவர். முதலில் முதல்வரிடம் போய் விளக்கமாகச் சொல்லி, "உங்க பக்கம் ஆக்டிவா, பேசிவாங்க சார்?" என்று கேட்டார்.

முதல்வர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நம்ம பெட்டி வலியப் போய்ப் பேசறதுங்களா? ஏனுங்க தம்பி, டீன் மேடத்து மேல எனக்கு அத்தனை மரியாதை. அவியளுக்குத்தான் மொதல்ல பேசற வாய்ப்பக் கொடுக்கோணும். அவிய மொதல்ல பேசட்டுமுங்க."

ஆல்வின் மைதானத்தைக் கடந்து டீனிடம் போனார்.

"பெரியவிய இருக்கறப்ப நாங்க முந்திப் பேசறதில்லீங்க" என்றார் டீன். "அப்ப அவர் பெரியவரான்னு கேக்காதீங்க, அது வேற விசயம். அவிய மொதல்ல பேசட்டுமுங்க. பதில் சொல்றதுக்கு நாங்க எப்பவும் தயார்."

கேட்டபடியே ஆல்வின் இரண்டு பக்கமும் பேசிவ் என்று வைத்தார். கடவுச்சொற்களைத் தனித்தனி உறையிலிட்டு அரக்கு முத்திரை போட்டு இரண்டு தலைவர்களிடமும் கொடுத்தார். வாடிக்கையாளருக்கு முழு திருப்தி என்று எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டு பெட்டியிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால்தான் இணைப்பு.

அதற்குள் தரமதிப்பீட்டுக்கான ஆய்வுக் குழு வரும் தேதி அறிவிக்கப்பட்டது. தாளாளர் அப்புசாமி சபரீஷைக் கூப்பிட்டனுப்பினார். பம்ப் ஃபவுண்டரி நடத்திச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர் அவர். சுற்று வட்டாரத்தில் எந்தப் பங்காளிச் சண்டைக்கும் பஞ்சாயத்துப் பேசப் போகிறவர்.

"கண்ணு, ஆய்வுக் குழு வர்றப்ப அந்தப் பெட்டியில பச்சை எரியோணும். எரியலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க. கோவமா சொல்றதா நெனைக்காதீங்க, அன்பாத்தானுங்க சொல்றேன்."

சபரீஷுக்கு வேறு இடம் என்றால் பெங்களூர்தான். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவாகிக் குழந்தையை அழவைக்க வேண்டும். அவன் நேரே முதல்வரிடம் ஓடினான்.

"சார், ஒரே ஒரு வார்த்தைங்க சார். பேசிவ்ங்கறத ஆக்டிவ்னு மாத்துனாப் போதுமுங்க."

"ஒரு வார்த்தைதானுங்க. எல்லாமே ஒரு வார்த்தையிலதானுங்க இருக்குது" என்றார் முதல்வர். "மொதல்ல பேசறவன் யாருங்க? தேவையுள்ளவன். நமக்கென்ன தேவை, சொல்லுங்க? இன்டர்நெட்டு நம்மகிட்ட."

"மார்க்கு அந்தப் பக்கமுங்களே சார்."

"மார்க்கு என்னுங்க தம்பி, அது பசங்களுக்குத்தான தேவை?"

டீன் இன்னும் கனிவாகப் பேசினார். "எனக்கொண்ணும் வறட்டுக் கௌரவம் கிடையாதுங்க. நான் பாட்டுக்கு மாத்திப்போடுவேன். நாளைக்கு மேற்குக் கட்டடத்துப் பொண்ணுங்க, 'நம்ம மேடமே எறங்கிப் போயிட்டாங்க'ன்னு மனசு ஒடிஞ்சு போவாங்களே, அத நெனச்சுத்தான் யோசிக்கறேன்." மேற்குக் கட்டடத்துப் பொண்ணுகள் அந்நேரம் மொட்டை மாடியில் நின்று, செல்போனுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இடையில் மதிப்பெண்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மைதானத்து வேப்பமரத்தடி பெஞ்சில் மேற்குக் கட்டடத்து ஆய்வகப் பொறுப்பாளர் இளவேனில் ஒரு பென் டிரைவை மறந்து வைத்துவிட்டுப் போவார். சற்று நேரத்தில் சபரீஷ் அந்தப் பக்கம் காற்று வாங்கப் போய் அதைக் கண்டெடுப்பான். கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆகவே யாரும் முந்தவும் இல்லை. ஒருநாள் பென் டிரைவைக் காக்காய் தூக்கிப் போய்விட்டது. மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்களின் உள்மதிப்பெண் எந்தக் கூட்டில் இருக்கிறதோ தெரியாது.

"இந்தக் கருமத்துக்கு ரெண்டு கேபிள் எதுக்குங்க?" என்று இளவேனில் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து, வந்ததும் வராததுமாக இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பார்க்கிறவர் அவர். "எங்கூட்டுச் சின்னவன் கூட சண்டை போட்டா அரைமணி நேரத்துல வந்து பேசிப்போடுவான்."

வேறு வழியில்லாமல் தாளாளர் ஓர் இணைப்பு நல்லிணக்கக் குழுவை அமைத்தார். முதல் கூட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை. முதல்வர் தரப்பும் டீன் தரப்பும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்தன. எதிர்த்தரப்பு ஆரம்பிக்கட்டும் என்று இரண்டும் காத்திருந்தன. இரண்டு முறை டீ வந்தது. மிக்சர் வந்தது. கடைசியில் சுமுகமாகக் கூட்டம் நிறைவுற்றதாகக் குறிப்பெழுதிக் கலைந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குத் தாளாளரே வந்தார். கேபிள்களை ஒன்று, இரண்டு என்று குறித்திருந்ததைப் பார்த்து முதல்வர் வருத்தப்பட்டார். தன் மின்னஞ்சல் எந்தக் கேபிளில் போகும் என்று கேட்டார்.

"அதப் பெட்டியே கணக்குப் போட்டு முடிவு பண்ணுமுங்க சார்" என்றான் சபரீஷ். "ஒரு கம்ப்யூட்டரும் இன்னொரு கம்ப்யூட்டரும் பேசற பேச்சு பூராவும் ஒரே கேபிள்ல போகும். எதுலன்னு நாம சொல்றதில்லீங்க."

"அப்ப என்ற மெயிலு ரெண்டாம் நம்பர்ல போயிருமுங்களா?"

"போகலாமுங்க."

"டீன் மேடத்துது ஒண்ணுல?"

நெடுநேர விவாதத்துக்குப் பின், இரண்டு கேபிளுக்கும் ஒன்று என்றே பெயர் வைப்பது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. இரண்டு கேபிளையும் சேர்த்து ஒரே பெயரில் அழைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பமும் கேட்பது. அந்தக் குழு எடுத்த ஒரே சரியான முடிவு அது, தெரியாமல் எடுத்தார்கள்.

பிறகு தாளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் எத்தனையோ பங்காளிச் சண்டையப் பேசி முடிச்சிருக்கறேனுங்க. அக்கட்ட மொதல்ல வரட்டும்னு இக்கட்ட நிப்பான். இக்கட்ட வரட்டும்னு அக்கட்ட நிப்பான். நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு பேரையும் கோயல்ல நிறுத்தி, மணி அடிக்கறப்ப ஒரே நேரத்துல கையெடுத்துக் கும்பிடச் சொல்லிப்போடுவேன். யாரு மொதல்லன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது. ஏனுங்க தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசுனா உங்க பெட்டி ஒத்துக்குமா?"

"தாராளமா ஒத்துக்குமுங்க" என்றான் சபரீஷ். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வளர்பிறையில் நல்ல முகூர்த்தமாகப் பார்த்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போகும் துளையில் பூச்சரம் சொருகாமல் தடுக்க சபரீஷ் படாத பாடு பட்டான். மைதானத்தில் மேடை போட்டு, முதல்வரும் டீனும் ஆளுக்கொரு மைக்கில் ஒரே சமயத்தில் வரவேற்புரை ஆற்றினார்கள். யார் என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகு முதல்வர் கிழக்குப் பெட்டியின் முன்னும் டீன் மேற்குப் பெட்டியின் முன்னும் போய் உட்கார்ந்தார்கள். அரக்கு உடைந்தது. இந்தப் பக்கம் சபரீஷும் அந்தப் பக்கம் இளவேனிலும் ஆக்டிவ் என்று தட்டி வைத்திருந்தார்கள். தலைவர்கள் என்டரை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. வேப்பமரத்தடியில் கல்லூரி மணி அடித்தது. விரல்கள் இறங்கின.

மஞ்சள் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டிவிட்டுப் பச்சையானது. இரண்டு கேபிளிலும் பச்சை. மேற்குக் கட்டடத்தில் அடைந்து கிடந்த வாட்ஸ்அப் செய்திகளெல்லாம் ஒன்றாகக் கத்தின. சபரீஷ் வெளியே ஓடி வந்து கனிஷ்காவுக்குப் போன் போட்டு, "எரிஞ்சிருச்சு" என்றான். அவள் பதறிப்போய், "எங்கே?" என்று கேட்டாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரை இருந்தது. காலையில் தாளாளர் அறைக்குச் சபரீஷைக் கூப்பிட்டார்கள். முதல்வரும் டீனும் இருந்தார்கள்.

"எல்லாம் பெட்டியில பதிவாகுமாமே?" என்றார் டீன். "சும்மா தெரிஞ்சுக்கத்தானுங்க. எந்தப் பக்கத்துப் பேச்சு மொதல்ல போச்சுங்க?"

"ஆமாங்க, நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் முதல்வர். "அவிய கேட்டப்புறம் கேக்கலாம்னு."

சபரீஷ் மடிக்கணினியைத் திறந்து பதிவைப் பார்த்தான். ஒரு பக்கத்துச் செய்தி கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக முந்தியிருந்தது. எந்தப் பக்கம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. வாசகர்களும் இரண்டு கட்சியாகப் பிரிவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் சபரீஷ் சொல்லியாக வேண்டும். கிழக்கு என்றால் முதல்வர் அவனை நிரந்தரமாக்க மாட்டார். மேற்கு என்றால் டீன் மாட்டார். அவன் தலை நிமிர்ந்து இரண்டு முகங்களையும் பார்த்தான். குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

"நான்தானுங்க" என்றான்.

"என்னது?" என்றார் தாளாளர்.

"முகூர்த்தத்துல கோளாறு வந்துறக் கூடாதுன்னு, மணியடிக்கறதுக்கு முந்தியே சோதிச்சுப் பாத்தனுங்க. மொதல்ல பேசுனது நான்தானுங்க. ரெண்டு பக்கமும் எனக்குப் பதில்தான் சொல்லியிருக்குது."

முதல்வர் முகத்தில் வெளிச்சம் வந்தது. டீன் முகத்திலும் வந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைத்தார்கள். அது ஒரே சமயத்தில் நடந்ததாகத் தாளாளர் பிற்பாடு சாட்சி சொன்னார். அந்தப் புன்னகை அடங்கியதும், இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது.

"அப்ப, முத்திரை போட்ட கடவுச்சொல்ல யாரக் கேட்டுங்க எடுத்தீங்க?" என்றார் முதல்வர்.

"எங்களையெல்லாம் கேக்காம முந்திப் பேசறதுக்கு நீங்க யாருங்க?" என்றார் டீன்.

அன்று பிற்பகலே குற்றப் பத்திரம் தயாரானது. நிறுவன மரபை மீறித் தன்னிச்சையாக முந்திப் பேசிய குற்றத்துக்காகத் தகுதிகாண் பணியாளர் சபரீஷைப் பணிநீக்கம் செய்வதென்று உத்தரவும் அதோடு இணைக்கப்பட்டது. பொய் சொல்லித் தப்பப் பார்த்தவன் பொய்யிலேயே மாட்டிக்கொண்டான். அவன் வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்து, பெங்களூர் ரயிலுக்கு நேரம் பார்த்தான்.

உத்தரவு முதலில் முதல்வர் மேசைக்குப் போனது. மரியாதை தெரிந்தவர் அல்லவா? அவர் அதன் மேல் ஒரு துண்டுச்சீட்டு வைத்தார்: "டீன் அவர்கள் முதலில் கையொப்பமிடும் பெருமையை அவர்களுக்கே வழங்குகிறேன்." கோப்பு மேற்கே போனது. டீன் அதன் மேல் இன்னொரு சீட்டு வைத்தார்: "முதல்வர் அவர்கள் கையொப்பமிட்ட மறுகணம் இட ஆயத்தமாக உள்ளேன்." கோப்பு கிழக்கே வந்தது. மறுபடி மேற்கே போனது. போக வர, சீட்டுகளில் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் உத்தரவைவிடச் சீட்டுகளின் கனம் அதிகமாகிக் கோப்பின் கயிறு அறுந்தது. ஒரே நேரத்தில் கையெழுத்துப் போடும் விழா எடுக்கலாமா என்று தாளாளரிடம் கேட்டார்கள். அவர், "ஒரு மணிச் சத்தத்துக்கே காது போச்சுங்க, என்னைய உட்டுருங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு ஃபவுண்டரிக்குப் போய்விட்டார்.

ஆய்வுக் குழு வந்தது, பச்சை விளக்கைப் பார்த்தது, சாப்பாடு நன்றாக இருந்ததாக எழுதிவிட்டுப் போனது. சபரீஷ் தினமும் வேலைக்கு வந்தான். யாரும் வராதே என்று சொல்லவில்லை. அதையும் யாராவது முதலில் சொல்ல வேண்டுமே.

ஒரு காலை, இளவேனில் மூச்சு வாங்க மைதானத்தைக் கடந்து வந்தார். கையில் சபரீஷின் நியமன உத்தரவு நகல் இருந்தது.

"ஏனுங்க, நேத்தோட உங்க தகுதிகாண் காலம் முடிஞ்சுபோச்சு, தெரியுமா? கடைசியில இருக்கற பொடி எழுத்தப் படிங்க."

சபரீஷ் படித்தான். எந்த உத்தரவும் வராவிட்டால் பணி நிரந்தரம். எந்த உத்தரவும் வரவில்லை. அவன் அந்தக் கல்லூரியின் நிரந்தர ஊழியனாகியிருந்தான். பெட்டிகளை முடக்கிப் போட்ட அதே மௌனம் அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. அவன் சிரித்தான், பிறகு, இளவேனில் பார்க்கிறாரே என்ற வெட்கம் இல்லாமல் அழுதான்.

மத்தியானம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனான்.

"ரொம்பச் சந்தோசமுங்க தம்பி" என்றார் முதல்வர். இனிப்புப் பெட்டியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "டீன் மேடம் எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க சார், மொதல்ல உங்களுக்குத்தானுங்க..."

"அடடா, தப்புங்க. அவிய மொதல்ல எடுக்கட்டுமுங்க."

டீன் அறையிலும் அதே கதை. பெட்டி திறக்கப்படாமலே ஸ்விட்ச் அறைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பச்சை விளக்குகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. சபரீஷ் பெட்டியை இளவேனிலிடம் நீட்டி, ஊர்ப் பழக்கத்தில், "நீங்க மொதல்ல எடுங்கக்கா" என்றான்.

இளவேனில் மறுக்கவில்லை. "கொண்டாங்க" என்று வாங்கி, இரண்டாக எடுத்துக்கொண்டார்.